காது ஆராய்ச்சியும் சீழ் வடியும் காதும்

சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில், தமிழ்நாட்டு எல்லை முடிகிற இடத்தில் ஆரம்பாக்கம் என்று ஓர் ஊர் உண்டு. அதற்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரி. ஏரிக்கரை நெடுக, மீனும் இறாலும் பிடித்து வயிறு வளர்க்கிற ஜனங்களின் குப்பங்கள். ஏரிக்கு அக்கரையில் ஸ்ரீஹரிகோட்டா. 1971 முதல் அங்கிருந்துதான் ராக்கெட்டுகள் விடப்படுகின்றன. 2023ஆம் வருஷம் ஜூலை மாதம் 14ந் தேதி சந்திரனுக்குப் போன விண்கலமும் அங்கிருந்து புறப்பட்டதே. அந்தச் சத்தம் இக்கரைக் குப்பங்களில் எல்லோருக்கும் கேட்டிருக்கும். அதாவது, காது கேட்கிறவர்கள் எல்லோருக்கும்.

சில வாரங்களுக்கு முன் அப்பக்கத்தில் ஒரு தோழர் வீட்டுக் கலியாணத்திற்குப் போயிருந்தோம். பந்தலுக்கு வெளியே பிள்ளைகள் ஓடி விளையாடிக் கொண்டிருந்தார்கள். அவர்களில் ஏழெட்டு வயதுள்ள ஒரு பையன் மட்டும் கூப்பிட்டால் திரும்பவில்லை, தொட்டால்தான் திரும்பினான். இரண்டு காதிலும் பஞ்சு. பக்கத்தில் வந்தால் சீழ் நாற்றம். தாயாரை விசாரித்தோம். “ரெண்டு வயசுலேருந்து ஒழுகுதுங்க ஐயா. பெரியவனானா தானா நின்னுடும்னாங்க” என்றார். பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சின எண்ணெய் விட்டாயிற்றாம். யாரோ சொல்லித் தாய்ப்பாலும் விட்டாயிற்றாம். குலதெய்வத்துக்கு மொட்டையும் அடித்தாயிற்றாம். பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார வைத்து, ‘மந்தம்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் காட்டினீர்களா என்று கேட்டோம். தாயார் வாய் திறக்குமுன் அருகிலிருந்த ஒரு பெரியவர் முந்திக்கொண்டார். “இங்கிலீஷ் வைத்தியம் இன்னைக்கு ஒண்ணு சொல்லும் தம்பி, பத்து வருஷம் கழிச்சு அதையே தப்புன்னு சொல்லும். நம்ம பெரியவங்க சொன்னது ஆயிரம் வருஷமா மாறலே. அது அவன் தலையெழுத்து, விடுங்க” என்றார். இவ்வளவையும் அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு சத்தம் போட்டுத்தான் சொன்னார். முப்பது வருஷம் டீசல் எஞ்சின் படகில் காலம் தள்ளியவராம்.

பெரியவர் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் விட நமக்கு மனமில்லை. ஏனெனில், இது ஏரிக்கரையில் எழுத்தறியாத ஒருவர் மட்டும் சொல்லுகிற சொல் அல்ல. பி.ஏ., எம்.ஏ. படித்துப் பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கிறவர்களும் இதையேதான் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்லுகிறார்கள். “விஞ்ஞானம் நாளுக்கு நாள் மாறுகிறது, சாஸ்திரம் மாறுவதில்லை” என்பதை ஒரு பெரிய வெற்றி போலச் சொல்லுகிறார்கள்.

மாறுகிறது என்பது உண்மைதான். காது வைத்தியத்தைப் பற்றிய மட்டில், பெரியவர் நினைத்ததைவிட அதிகமாகவே மாறியிருக்கிறது. அது எப்படி மாறிற்று என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

டென்மார்க் தேசத்து அரண்மனை வைத்தியர் பெர்கர் என்பவருக்குக் காது மந்தம். காதுக்குள் ஓயாத இரைச்சல். காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் துளை போட்டால் இதெல்லாம் குணமாகும் என்று அக்காலத்தில் ஒரு பேச்சு நடமாடியது. அந்த எலும்புக்குள் சீழ் கோத்துக் கொண்டவர்களுக்குத் துளை போட்டுச் சிலர் பிழைத்திருந்தார்கள். அதை வைத்து, சீழே இல்லாத இவருக்கும் 1791இல் துளை போட்டார்கள். சில நாட்களில் மூளை உறையில் வீக்கம் கண்டு செத்துப் போனார். செத்தவர் ராஜ வைத்தியராயிற்றே! அந்தச் சிகிச்சையின் பெயரே கெட்டுவிட்டது. அதன் பிறகு வெகுகாலம் அனேகமாக யாரும் துணியவில்லை. 1873இல் ஜெர்மனியில் ஷ்வார்ட்ஸே என்பவர்தான் இன்னாருக்குச் செய்யலாம், இன்னாருக்குச் செய்யக்கூடாது என்று நோயாளிகளைப் பார்த்து வகைப்படுத்தி அதை மறுபடி நிலைநிறுத்தினார். இடைப்பட்ட காலத்தில் எத்தனை பேர் வீணாய்ச் செத்திருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் தப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடித்தவர்களும் டாக்டர்களே. ராஜ வைத்தியர் செத்தது அவர் விதி என்று அவர்கள் கையைத் துடைத்துக் கொண்டிருந்தால் இன்றைக்கும் அந்தச் சிகிச்சை இல்லை.

இன்னொன்று. காதுக்குள் மூன்று சின்ன எலும்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன. கடைசி எலும்பு குதிரைச் சேணத்தின் அங்கவடி போலிருக்கும்; பாதி அரிசி அளவுகூட வராது. சிலருக்கு அதைச் சுற்றி எலும்பு வளர்ந்து அதை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும்; காது கேளாது. 1870களில் கெஸ்ஸல் என்ற ஜெர்மானியர் அதை அசைத்தும் எடுத்தும் பார்த்தார். 1900ஐ ஒட்டி அக்காலத்துப் பெரிய காது வைத்தியர்கள் எல்லாம் கூடி, இது பிரயோஜனமற்றது, ஆபத்தானது என்று தள்ளிவிட்டார்கள். கிருமியைத் தடுக்க வழி போதாத அக்காலத்துக்கு அது நியாயமான பயந்தான். அரை நூற்றாண்டு யாரும் அந்த எலும்பைத் தொடவில்லை. 1938இல் நியூயார்க்கில் லெம்பர்ட் என்பவர், அடைத்த வாசலை விட்டுவிட்டுப் பக்கத்தில் வேறு ஜன்னல் திறந்தார். 1952இல் ரோஸன் என்பவர் அந்த ஜன்னல் வைக்குமுன் எலும்பு அசைகிறதா என்று லேசாகத் தட்டிப் பார்த்தபோது, மேஜைமேல் விழித்தபடி படுத்திருந்த நோயாளி “எனக்குக் காது கேட்கிறதே” என்றாராம்! 1956இல் ஷே என்பவர் எலும்பையே எடுத்துவிட்டு டெஃப்லானில் ஒரு சின்னத் துண்டை வைத்தார். தள்ளப்பட்டது திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. முன்னால் தள்ளிய பெரியவர்களுக்கு இதனால் அவமானம் ஒன்றும் வந்துவிடவில்லை. அவர்கள் சொன்னதை வேதவாக்கு என்று பிடித்துக்கொண்டு யாரும் ஷேயைச் சாதி விலக்கு செய்யவும் இல்லை.

நோபல் பரிசு பெற்றவர் பேச்சுக்கே இக்கதி உண்டு. காதுக்குள் ஒலி அலை எப்படி ஓடுகிறது என்று செத்தவர்களின் காதை அறுத்துப் பார்த்துக் கண்ட பெக்கஸிக்கு 1961இல் அந்தப் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1948இல், கோல்டு என்ற இளைஞர் ஒருவர், உயிருள்ள காது சும்மா வாங்கிக்கொள்ளும் பாத்திரமல்ல, தானே பெருக்கிக் கொடுக்கிற யந்திரம். அப்படியானால் காதிலிருந்தே சத்தம் வெளிவர வேண்டும் என்று எழுதியிருந்தார். யாரும் சட்டை செய்யவில்லை. 30 வருஷம் கழித்து, 1978இல், லண்டனில் கெம்ப் என்பவர் காதுக்குள் ஒரு சின்ன மைக்கை வைத்து அந்தச் சத்தத்தைப் பிடித்துக் காட்டினார். கிழவர் சொன்னதா, பையன் சொன்னதா என்ற விவகாரம் அத்தோடு தீர்ந்தது. அதுவும் வெறும் வேடிக்கையாகப் போகவில்லை. பிறந்து இரண்டு நாளான குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று குழந்தை தூங்கும்போதே பார்த்துச் சொல்லுகிற இன்றைய பரீட்சைகளில் ஒன்று அதிலிருந்து பிறந்ததுதான்.

உட்காதுக்குள் மின்கம்பி விட்டுக் கேட்க வைக்கிற கருவி இருக்கிறதே, அதன் கதையும் இப்படித்தான். 1957இல் பாரிசில் முதல் முயற்சி. 1961இல் அமெரிக்காவில் ஹவுஸ். 1978இல் ஆஸ்திரேலியாவில் கிளார்க். இது பைத்தியக்காரத்தனம், வெறும் இரைச்சல்தான் கேட்கும் என்று பெரிய பெரிய விஞ்ஞானிகள் சொன்னார்கள். கேட்டுப் பேசுகிறவர்களைக் கண்ணால் கண்டபின் வாயை மூடிக்கொண்டார்கள்.

க்ஷயத்துக்கு அருமருந்தாக 1944இல் வெளிவந்த ஸ்ட்ரெப்டோமைசின் காதைக் கெடுக்கிறது என்று சொன்னவர்கள் யார்? அம்மருந்தின் விரோதிகளல்ல, அதைக் கொடுத்துப் பார்த்த டாக்டர்களே, அடுத்த ஓரிரு வருஷங்களில். அந்த வகையைச் சேர்ந்த கானமைசின் ஊசியை, மருந்துக்கு அடங்காத க்ஷயத்துக்குக்கூடப் போட வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொன்னதற்கு 2018ஆம் வருஷம் வரவேண்டியிருந்தது. தாமதந்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் நாட்டில் எந்த விபூதியைப் பற்றியாவது, இதனால் இத்தனை பேருக்குக் கெடுதி என்று அதைக் கொடுத்தவரே கணக்கு எழுதி வெளியிட்டதுண்டா?

இது நிற்க. “நம் பெரியவர்கள்” பேச்சுக்கு வருவோம். சுசுருதர் பெயரால் உள்ள நூலில் காது நோய்கள் 28 என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். அறுந்த காது மடலைக் கன்னத்துச் சதை கொண்டு ஒட்ட வைக்கிற முறையும் அதில் உண்டு. மேல்நாட்டார் அதை மரியாதையோடு பேசுகிறார்கள். நாமும் மறுக்கவில்லை. கண்ணால் பார்த்துக் கையால் செய்த யாரோ சில புத்திசாலிகளின் வேலை அது. நமது வருத்தம் என்னவென்றால், அதைப் பரீட்சை செய்து பார்க்கப் பின்னால் வந்தவர்களில் பலர் துணியவில்லை என்பதே. பார்த்தவரைக் கும்பிட்டார்களே ஒழிய, அவர் பார்த்தது போலத் தாங்களும் பார்க்கவில்லை. மாறவில்லை என்பதற்கு அர்த்தம் இவ்வளவுதான்.

மாறாத பெருமை இன்னொன்றும் உண்டு. மனுதர்மம் ஒன்பதாம் அத்தியாயத்தில், பிறவிச் செவிடர்களுக்கும் பிறவிக் குருடர்களுக்கும் குடும்பச் சொத்தில் பாகம் இல்லை, சோறும் துணியும் கொடுத்தால் போதும் என்று சொல்லியிருக்கிறது. இதை மாற்ற எந்த மடாதிபதியும் முன்வரவில்லை. 1928ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று வந்துதான் அந்தத் தடை போயிற்று. முன் ஜென்ம பாவத்தால் காது போனது என்றால் அப்படிப்பட்டவனுக்குச் சொத்து எதற்கு என்பது அவர்கள் நியாயம். காது போன காரணத்தைத் தேடாதவர்களுக்கு இந்த நியாயம் சௌகரியமாக இருந்தது.

காரணம் தேடினவர்களுக்கு என்ன கிடைத்தது? 1997இல் பிறவிச் செவிட்டுக்கு முக்கியமான ஒரு ஜீனைக் கண்டுபிடித்தார்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் நன்றாகக் கேட்கும். இருவரிடமும் ஒரே குறை மறைந்து கிடந்தால், பிள்ளைக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து வந்து காது கேளாமல் போகும். இரத்த உறவில் கலியாணம் செய்தால் இருவரிடமும் அதே குறை இருப்பதற்கு இடம் அதிகம். தமிழ்நாட்டில் நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்ட கலியாணங்கள் இன்றைக்கும் இரத்த உறவுக்குள்தான் நடக்கின்றன. சொந்தம் விட்டுப் போகக்கூடாது என்று தாய் மாமனுக்கே பெண்ணைக் கொடுக்கிறோம். எல்லாப் பிறவிச் செவிடும் இதனால்தான் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பிரமன் தலையில் எழுதினான் என்கிறதில் ஒரு பகுதியை, நாமே கலியாணப் பத்திரிகையில் எழுதியிருக்கிறோம் என்பது மெய். இப்போது அந்த ஜீன் ஆராய்ச்சி இன்னொரு படி ஏறியிருக்கிறது. வேறொரு ஜீனில் குறையோடு பிறந்த ஆறு குழந்தைகளின் உட்காதுக்குள் நல்ல ஜீனைச் செலுத்தியதில் ஐவருக்குக் கேட்க ஆரம்பித்ததாக, ஷாங்காய் டாக்டர்கள் 2024 ஜனவரியில் எழுதினார்கள். 

இரைச்சலால் செத்துப் போகிற உட்காது அணுக்கள் கோழிக்குத் திரும்ப முளைக்கின்றன, மனிதனுக்கு முளைப்பதில்லை என்று 1980களின் கடைசியில் கண்டார்கள். அதை மனிதனுக்கும் முளைக்க வைக்க முயன்றுகொண்டிருக்கிறார்கள். படகுப் பெரியவரின் காது அவ்வளவு காலம் காத்திருக்குமா என்பது வேறு சங்கதி. அவருக்கு இப்போதைக்கு ஒரு காது மிஷின் போதும்.

இவ்வளவு சொன்னபின், பெரியவர் கேட்காத ஒரு கேள்வியை நாமே கேட்டாக வேண்டும். டாக்டர்கள் மாற்றி மாற்றிச் சொல்வது குற்றமல்ல. மாறி மாறி அவர்கள் யார் காதைப் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

அந்தப் பையனுக்கு உள்ளது காதுச் சீழ். ஒரு காலத்தில் காது வைத்தியம் என்றாலே இதுதான். ஏனென்றால் ராஜா முதல் கூலிக்காரன் வரை எல்லோரையும் இது கொன்றது. 1560இல் பிரான்ஸ் ராஜா இரண்டாம் பிரான்சிஸ் 16 வயதில் காது நோயால்தான் செத்தான். 1853இல் காது வைத்தியத்தைப் பற்றிப் பேர் பெற்ற புஸ்தகம் எழுதிய டப்ளின் டாக்டர் வில்லியம் வைல்டு, நாடகாசிரியர் ஆஸ்கார் வைல்டின் தகப்பனார்; மகனும் 1900இல் காதுச் சீழ் மூளைக்கு ஏறித்தான் செத்தார் என்பது பலருடைய அபிப்பிராயம். பிறகு 1930களில் சல்பா மருந்துகளும் 1940களில் பென்சிலினும் வந்தன. மேல்நாட்டில் காதுச் சீழால் சாவது அபூர்வமாயிற்று. கெட்டிக்கார டாக்டர்களின் கவனம் அங்கவடி எலும்புக்குப் போயிற்று, அங்கிருந்து உட்காதுக் கருவிக்கு, அங்கிருந்து ஜீனுக்கு, இப்போது, கிழவர்களுக்குக் காது போனால் மறதி நோய் வர இடமுண்டு என்ற விஷயத்துக்கு. இவையெல்லாம் நல்ல ஆராய்ச்சிகளே. ஆனால், எந்த நோய் பணமுள்ள வீட்டை விட்டுப் போயிற்றோ அது உலகத்தை விட்டே போய்விட்டதாக நினைப்பது ஆராய்ச்சியாகாது.

அது போகவில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2004இல் வெளியிட்ட கணக்குப்படி, நாள்பட்ட காதுச் சீழ் உள்ளவர்கள் உலகத்தில் ஆறரைக் கோடியிலிருந்து 33 கோடி வரை. ஆறரைக் கோடி எங்கே, 33 கோடி எங்கே! இந்த இடைவெளியே, எவ்வளவு அசட்டையாக எண்ணியிருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி. ராக்கெட் விடுகிறவன் இப்படிக் கணக்குப் போட்டால் அது சந்திரனுக்கா போகும்? இந்நோய் மிக அதிகமாயுள்ள இடங்கள் என்று அவ்வறிக்கை சொல்லுகிற சிலவற்றில் இந்தியாவும் ஒன்று. அதோடு ஆஸ்திரேலியாவின் பூர்வ குடிகளும் கிரீன்லாந்துக்காரரும். வெவ்வேறு கண்டம், வெவ்வேறு சீதோஷ்ணம். நெருக்கமான குடிசை, சளி, போஷணைக் குறைவு, எட்டாத ஆஸ்பத்திரி என்பவை மட்டும் ஒன்று.

இதற்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. காதைத் துடைத்துச் சுத்தமாக்கி உலர வைத்து, உரிய கிருமிநாசினிச் சொட்டு மருந்தை டாக்டர் சொல்லும் நாள் வரை விட்டுவந்தால் பெரும்பாலும் சீழ் நிற்கும். வாயில் விழுங்கும் மாத்திரையைவிடக் காதில் விடும் சொட்டு மருந்தே இதில் மேல் என்பதும் பரீட்சை செய்து பார்த்த விஷயந்தான். ஜவ்வில் ஓட்டை ஆறாமல் நின்றால் ஒட்டுப் போட்டு அடைக்கலாம். 1950களிலிருந்து நடக்கிற சிகிச்சை அது. பூண்டெண்ணெய் என்ன செய்யும்? ஓட்டையான ஜவ்வு வழியாக உள்ளே போய்ப் புண்ணைக் கிளறும். சூடாக விட்டால் சுடவும் சுடும்.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டோம். செவிடு தடுப்புக்கென்று 2007இல் தேசியத் திட்டம் ஒன்று ஆரம்பித்தார்கள். பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013இல் வந்த திட்டத்தில் காதுச் சீழும் சேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட ஏழைப் பிள்ளைகளுக்கு, பல லட்ச ரூபாய் பிடிக்கும் உட்காதுக் கருவியைக் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகவே வைக்கிறார்கள். இது சாமான்யமான காரியமல்ல, மனப்பூர்வமாகப் பாராட்டுகிறோம். ஆனால் அந்தக் கருவி வைத்த குழந்தையின் படம் பத்திரிகையில் வருகிறது. சொட்டு மருந்தால் காது உலர்ந்த குழந்தையின் படத்தை எந்தப் பத்திரிகையாவது போட்டதுண்டா? படம் வராத வேலைக்கு ஆளும் வருவதில்லை. பட்டணத்தில் லட்ச ரூபாய்ச் சிகிச்சை தயாராயிருக்க, ஏரிக்கரையில் பஞ்சும் சொட்டு மருந்தும் ஐந்தாறு வருஷமாக ஒரு பையனுக்கு வந்து சேரவில்லை.

ஆகையால் நாம் கேட்பது பெரிய விஷயமல்ல. பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில், வாயில் பறியைக் கவ்விக்கொண்டு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடியிருப்புகளையும் சேர்த்து, வருஷத்துக்கு இரண்டு தடவை எல்லாப் பிள்ளைகளின் காதையும் விளக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை காது ஒழுகுகிறது, எத்தனை உலர்ந்தது என்ற கணக்கை ஊராட்சி ஆபீசில் எழுதி ஒட்ட வேண்டும். வாத்தியார்கள், கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை மந்தம் என்று எழுதுமுன் காதைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பார்க்கும் வரையில் முன் வரிசையில் உட்கார வைக்க வேண்டும். இதற்குப் பணம் வேண்டாம், பெஞ்சியை மாற்றினால் போதும். சென்னையிலுள்ள காது வைத்தியக் கல்லூரிகள், தங்கள் மாணாக்கர்களில் சிலரையாவது இந்தச் சீழை ஆராயச் சொல்லி இங்கே அனுப்ப வேண்டும். உலகத்துக்குப் பழைய நோயாயிருக்கலாம். ஆறரைக் கோடியா 33 கோடியா என்றே தெரியாத ஒன்று எப்படித் தீர்ந்துபோன ஆராய்ச்சியாகும்?

அந்தப் பையனின் தாயாரிடம், எண்ணெயை நிறுத்தும்படியும் காதில் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ளும்படியும் சொல்லி, காது டாக்டர் உட்காருகிற கிழமையைக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். கூடப் போக ஒரு தோழர் ஒப்புக்கொண்டிருக்கிறார். படகுப் பெரியவர் நாம் புறப்படும்போது, காது மிஷின் என்ன விலை ஆகும் என்று கேட்டார். அதையும் விசாரித்துச் சொல்லுவதாகச் சொல்லியிருக்கிறோம். இரண்டும் என்னவாயிற்று என்பதைப் பின்னொரு இதழில் எழுதுவோம்.